பழைய வீணை: பழுதுபார்ப்பதா, மாற்றியமைப்பதா?



வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் பெருஞ்சாலையில், படப்பைக்கும் ஒரகடத்திற்கும் இடையில் சேரப்பணஞ்சேரி என்னும் ஊர் இருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு நான் குடியிருப்பது அவ்வூரில்தான். ஏரிப் பாசனத்தை நம்பி வாழ்ந்த சிற்றூர்கள் நிறைந்த பகுதி இது. 1990களின் இறுதியில் இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார்த் தொழிற்சாலை எழுந்தது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. அவற்றைச் சூழ உதிரி உறுப்புக்கள் செய்யும் ஆலைகளும் பெருகின. இன்று விடியற்காலையில் எங்கள் ஊர்ச் சாலையில் நின்றால், ஏர்மாடுகளைக் காண்பது அரிது. பணியாளரை ஏற்றிச்செல்லும் பேருந்துகளையே வரிசை வரிசையாகக் காணலாம்.

அத்தகைய பேருந்தொன்றில் நாள்தோறும் செல்லும் இளைஞர் ஒருவர், என்னிடம் முன்பு பயின்றவர், சென்ற தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் இல்லத்திற்கு வந்தார். அவர் கையில் பழைய போர்வையொன்றில் சுற்றப்பட்ட நீண்ட பொருள் ஒன்று இருந்தது. பிரித்துப் பார்த்தால் வீணை! அவருடைய பாட்டியார் வாசித்தது. பாட்டியார் மறைந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. தந்திகளில் இரண்டுதான் எஞ்சியிருந்தன. மெழுகு வெடித்து, மெட்டுகள் சில சாய்ந்து கிடந்தன. சுரைக்குடுக்கையில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு பிளவு. விளிம்பில் பதித்திருந்த தந்த வேலைப்பாட்டில் சில துண்டுகள் உதிர்ந்துவிட்டன. ஆயினும் குடத்தைத் தட்டிப் பார்த்தபோது, அந்தப் பலா மரம் கண்ணென்று ஒலித்தது.

"ஐயா, கடைக்காரர் இரண்டு வழி சொல்கிறார்" என்றார் இளைஞர். "ஒன்று, பழையபடியே மெழுகு வைத்துச் சரிசெய்வது. மற்றொன்று, மெழுகை அடியோடு எடுத்துவிட்டு மெட்டுகளைத் திருகாணியில் நிறுத்துவது; மரப் பிருடைகளைக் களைந்து கிதாருக்கு இருப்பதுபோல் பல்சக்கரச் சாவிகளைப் போடுவது; குடத்தில் துளையிட்டு மின்சார ஒலிவாங்கியை உள்ளே வைப்பது. பின்னதைச் செய்தால் எங்கள் குழுவில் வாசிக்கலாம். எது சரி என்று தெரியவில்லை. நீங்கள் சரித்திரம் சொல்லிக்கொடுத்தவர், அதனால் வந்தேன்."

அவரும் ஆலை நண்பர்கள் நால்வரும் வேலை முடிந்த மாலைகளில் கிதாரும் தாளக்கருவியும் கொண்டு இசை பயில்கின்றனர். அந்த ஆரவாரத்தில் வீணையின் மெல்லோசை எடுபடாது. ஆகவே அவருடைய கேள்வி வெறும் வேடிக்கைக்காக எழுந்ததன்று. பாட்டியின் வீணை தம் கையில் பேச வேண்டும் என்பது அவர் விருப்பம். அந்த விருப்பத்தில் குற்றம் என்ன இருக்கிறது?

நான் உடனே விடை சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் உண்டு. அதைப் பின்னர்க் கூறுவேன். முதலில் அந்த இளைஞருக்குக் கூறிய வரலாற்றை உங்களுக்கும் கூறுகிறேன்.

'பழையபடியே' என்னும் சொல்லை நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். எந்தப் பழைய காலத்தின்படி? நாம் இன்று வீணை என்று வழங்கும் கருவி, இருபத்து நான்கு மெட்டுகள் நிலையாக அமைந்த தஞ்சாவூர் வீணை. இது படைப்புக் காலந்தொட்டு இவ்வாறே இருந்ததன்று. விஜயநகரத்தைச் சேர்ந்த இராமாமாத்தியர் 1550-இல் 'ஸ்வரமேளகலாநிதி' என்னும் நூலை இயற்றினார். ஒவ்வோர் இராகத்திற்கும் ஏற்ப மெட்டுகளை அமைத்துக்கொள்ளும் வீணையையும், எல்லா இராகங்களையும் ஒரே அமைப்பில் வாசிக்க உதவும் வீணையையும் அவர் வேறுபடுத்திப் பேசுகிறார். முன்னதில் இராகம் மாறினால் மெட்டும் இடம் மாற வேண்டும். பின்னதில் மெட்டு நிற்கும், விரல்தான் மாறும்.

இந்தப் பின்னதன் வழியில், தஞ்சையை 1600 முதல் 1634 வரை ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்தில் வீணை இன்றைய வடிவத்தைப் பெற்றது என்பது வழிவழியாக வரும் செய்தி. அம்மன்னர் தாமே இசைப்புலமை உடையவர்; அவருடைய அமைச்சர் கோவிந்த தீட்சிதரும் அத்தகையவரே. ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு சுரத்தானங்கள் வீதம் இரண்டு ஸ்தாயிகளுக்கு இருபத்து நான்கு மெட்டுகள் நிலையாக நின்றன. கோவிந்த தீட்சிதரின் மைந்தர் வேங்கடமகி 'சதுர்தண்டி பிரகாசிகை'யில் எழுபத்திரண்டு மேளங்களை வகுத்ததற்கு, இவ்வாறு எல்லாச் சுரங்களையும் ஒருங்கே கண்முன் நிறுத்திய வீணை பெருந்துணை புரிந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஆகவே நண்பர்களே, இன்று நாம் 'தூய பழமை' என்று போற்றும் வீணை, பதினேழாம் நூற்றாண்டில் ஒரு துணிச்சலான மாற்றம்! அந்நாளில் மெட்டை நகர்த்தி வாசித்துப் பழகிய முதியவர் எவரேனும், "இது என்ன புதுமை?" என்று முகம் சுளித்திருக்கவுங்கூடும். மாற்றமே கூடாது என்று வாதிடுவோர் இதை மறந்துவிடுகின்றனர்.

வரலாறு இன்னொரு வேடிக்கையும் காட்டுகிறது. மெட்டுகளை இவ்வளவு பாடுபட்டு நிலைநிறுத்திய பிறகு, மெட்டே இல்லாத வீணையும் நம்மிடையே செல்வாக்குப் பெற்றது. அதுதான் கோட்டுவாத்தியம், சித்திர வீணை என்றும் கூறுவர். திருவிடைமருதூர் சகாராம ராவ், பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரியார் முதலியோர் அதற்குப் புகழ் தேடித் தந்தனர். வழவழப்பான கோடு ஒன்றைத் தந்தியின்மேல் வழுக்கி வாசிப்பார்கள். சுரம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நழுவிச் செல்லும்.

இதைக் கூறியதும் இளைஞர், "பேஸ் கிதாரிலும் இப்படியே நடந்தது, ஐயா" என்றார். அதன் கதையை நானும் அறிவேன். அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் 1951-இல் மெட்டுகள் உள்ள மின்சார பேஸ் கிதாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன் அந்தத் தாழ்ந்த சுரங்களை வாசித்தது ஆளுயர டபுள் பேஸ். அதற்கு மெட்டுகள் கிடையா. மெட்டு இருப்பதால் சுரம் பிசகாது என்பதை விளம்பரப்படுத்தவே புதிய கருவிக்குத் 'துல்லியம்' என்னும் பொருள்படும் 'பிரிசிஷன்' என்று பெயரிட்டார்கள். ஆனால் ஜாக்கோ பாஸ்டோரியஸ் என்னும் பெருங்கலைஞர் கையில் இருந்த 1962-ஆம் ஆண்டு ஃபெண்டர் ஜாஸ் பேஸில் மெட்டுகள் இல்லை. அவை களையப்பட்டு, அவை இருந்த பள்ளங்கள் நிரப்பப்பட்டு, அதன்மேல் படகுகளுக்குப் பூசும் எப்பாக்ஸி பூசப்பட்டிருந்தது. 1976-இல் அவர் வெளியிட்ட இசைத்தட்டு அந்தக் கருவியின் குரலை உலகறியச் செய்தது. பின்னர் அது துண்டு துண்டாக உடைந்து, ஒட்டப்பட்டு, 1986-இல் நியூயார்க்கில் களவும் போயிற்று. மறு ஆண்டே கலைஞரும் மறைந்தார். சுமார் இருபது ஆண்டுகள் கழித்தே அது மீண்டும் அகப்பட்டது.

இப்போது நீங்களே சிந்தித்துப் பாருங்கள். அகப்பட்ட அந்தக் கருவியை 'ஆதி நிலைக்கு' மீட்பதாகச் சொல்லி, யாராவது எப்பாக்ஸியைச் சுரண்டி, 1962-இல் ஆலையிலிருந்து வந்தபடி மெட்டுகளைத் திரும்ப அடித்தால் என்ன ஆகும்? ஆலையிலிருந்து வந்த அதே வகைக் கருவிகள் வேறு பல உண்டு. ஜாக்கோவின் கருவியோ ஒன்றே ஒன்று. அங்கே மாற்றந்தான் வரலாறு. மீட்பு என்னும் பெயரால் அதை அழித்தவர்கள் ஆவோம். பழுதுபார்ப்பது எப்போதும் நல்லது, மாற்றுவது எப்போதும் தீது என்னும் சட்டம் இதனால் நிற்க மாட்டாது.

ஆனால் எதிர்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். இத்தாலியில் ஸ்ட்ராடிவாரி என்னும் தச்சர் செய்த பிடில்களின் புகழை நீங்கள் கேள்வியுற்றிருப்பீர்கள். அவர் 1737-இல் மறைந்தார். அவருக்குப் பின் அரங்குகள் பெரிதாயின, சுருதியும் உயர்ந்தது, தந்திகளின் இழுவிசையும் கூடிற்று. அதனால் 1800-ஐ ஒட்டிய காலத்தில் அவருடைய பிடில்களைப் பிரித்து, கழுத்தை நீளமாக்கிச் சாய்த்துப் பொருத்தி, உள்ளே இருந்த தாங்குகட்டையையும் வலுவானதாக மாற்றினார்கள். இன்று ஆக்ஸ்ஃபோர்டு நகரத்துக் காட்சிச் சாலையில், வாசிக்கப்படாமலே புதிதுபோல் இருப்பதாகப் புகழப்படும் 1716-ஆம் ஆண்டின் 'மெசையா' பிடிலுங்கூட இந்த மாற்றங்களுக்குத் தப்பவில்லை. ஸ்ட்ராடிவாரி தம் கையால் முடித்தபடியே ஏறக்குறைய நிலைத்திருப்பவை மிகச் சிலவே. ஃபிளாரன்ஸ் நகரில் உள்ள, 1690-இல் மெடிச்சி குடும்பத்திற்காக அவர் செய்த பெரிய வயோலா அவற்றுள் ஒன்று. மாற்றியதால்தான் அப்பிடில்கள் இன்றும் மேடையில் ஒலிக்கின்றன. இதை மறுக்க முடியாது. ஆயினும் அவை முதலில் எவ்வாறு ஒலித்தன என்று அறிய விரும்புவோர், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் அந்த ஒரு வயோலாவைச் சுற்றிச் சுற்றி வருகின்றனர்.

அந்த ஒன்றும் இல்லாமற் போனால் என்ன நேரும் என்பதற்கு நாம் கடல் கடந்து செல்ல வேண்டியதில்லை. நம் யாழே போதும்.

காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடுவது பெரும்பாணாற்றுப்படை. எங்கள் வட்டாரத்து மாணவர்கள் அதை உரிமையோடு படிக்கலாம். அந்நூலும் பொருநராற்றுப்படையும் யாழின் உறுப்புக்களை ஒவ்வொன்றாக எடுத்து வருணிக்கின்றன. பத்தர் எப்படி இருந்தது, தோல் எப்படிப் போர்த்தப்பட்டது, கோடு எவ்வாறு வளைந்தது, நரம்பு எத்தகையது என்றெல்லாம் உவமை சொல்லிக் காட்டுகின்றன. ஆனால் அந்நாளைய யாழ் ஒன்றேனும் நமக்குக் கிட்டவில்லை. மரமும் தோலும் நரம்பும் மண்ணோடு மண்ணாயின. ஈழநாட்டுக் காரைதீவில் 1892-இல் பிறந்த விபுலானந்த அடிகள், சிலப்பதிகாரத்தையும் அதன் உரைகளையும் துணைக்கொண்டு, கணக்குகள் பல போட்டு, யாழின் இயல்பை நூலிலிருந்தே மீட்டெடுக்க நெடுங்காலம் உழைத்தார். அவருடைய 'யாழ் நூல்' 1947-இல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அதே ஆண்டில் அவர் காலமானார். கருவி ஒன்று கையில் இருந்திருந்தால் ஒரு பகற்பொழுதில் அளந்து முடிக்கக்கூடிய செய்திகளுக்காக, ஒரு பேரறிஞர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கொடுக்க நேர்ந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பும் வருத்தமும் ஒருங்கே தோன்றும்.

இனி, இளைஞர் கொண்டுவந்த வீணைக்கு வருவோம். அதில் எது பழுது, எது செய்தி? இதைப் பிரித்தறிவதுதான் கடினம்.

வீணையின் தண்டியின்மேல் இருபுறமும் கரை கட்டினாற்போல் மெழுகு வைத்திருப்பார்கள். தேன்மெழுகோடு கரித்தூள் முதலியன கலந்து காய்ச்சிய கருமெழுகு அது. அந்த இரு கரைகளின்மேல் பித்தளை அல்லது வெண்கல மெட்டுகள் குறுக்கே படுத்திருக்கும். வெயிலில் மெழுகு இளகும், நாளடைவில் வெடிக்கும், தந்தி உராய்ந்து மெட்டிலும் பள்ளம் விழும். ஆகவே அவ்வப்போது பழைய மெழுகை எடுத்துப் புதிதாக மேளம் கட்டியாக வேண்டும். தொழிற்சாலைக் கண்ணுக்கு இது பெருங்குறை. "திருகாணி போட்டால் இந்தத் தொல்லையே இல்லையே!" என்று கேட்கத் தோன்றும். கேட்பதிலும் நியாயம் உண்டு.

ஆனால் மெழுகு ஏன் வந்தது என்று பார்க்க வேண்டும். கணக்கில் ஆர்வமுள்ள மாணவர்கள் சற்றே கவனியுங்கள். மேருவிலிருந்து குதிரை வரை தந்தியின் நீளம் 84 சென்டிமீட்டர் என்று கொள்வோம். அதைச் சரிபாதியாக்கி 42 சென்டிமீட்டர் மட்டும் அதிரச் செய்தால் மேல் ஷட்ஜம் பேசும். மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 56 சென்டிமீட்டர் அதிர்ந்தால் பஞ்சமம். நான்கில் மூன்று பங்கு, 63 சென்டிமீட்டர் அதிர்ந்தால் சுத்த மத்தியமம். இவ்வளவும் ஏட்டுக் கணக்கு. மெய்யான வீணையிலோ, விரலால் தந்தியை மெட்டின்மேல் அழுத்தும்போது தந்தி சற்று இழுபடுகிறது. இழுபட்டால் சுருதி ஏறுகிறது. தந்தியின் பருமன், மெட்டின் உயரம், வாசிப்பவர் விரலின் அழுத்தம் எல்லாம் சேர்ந்து கணக்கைச் சிறிது பிசகச் செய்கின்றன. ஆதலால் மேளம் கட்டுபவர் அளவுகோலை மட்டும் நம்புவதில்லை. மெழுகு இளகியிருக்கும்போதே மெட்டை இம்மியளவு இப்படியும் அப்படியும் நகர்த்தி, மீட்டிப் பார்த்து, காது ஒப்புக்கொண்ட இடத்தில் நிறுத்துகிறார்.

அந்தக் காது யாருடையது? மேளம் கட்டுபவருடையது, அவரருகில் அமர்ந்து, "சாதாரண காந்தாரம் இன்னும் சற்று இறங்கட்டும்" என்று சொல்லும் வீணைக்காரருடையதுங்கூட. ஒரு குருவின் வழியில் வந்தவருக்குக் கைசிகி நிஷாதம் நின்ற இடமும், மற்றொருவருக்கு நின்ற இடமும் நூலிழை வேறுபடலாம். ஆகவே வெடித்துப்போன அந்த மெழுகில் ஒரு மனுஷியின் செவியறிவு பதிந்திருக்கிறது. இளைஞரின் பாட்டியார் எழுதி வைத்த கடிதம் ஒன்றுமில்லை. அவர் பாடியதைப் பதிவு செய்தாருமில்லை. அவருடைய காந்தாரம் எங்கே நின்றது என்பதற்கு உலகில் எஞ்சியிருக்கும் ஒரே சான்று அந்த மெழுகுதான்!

திருகாணி மெட்டுக்கு இன்னொரு தடையும் உண்டு. வீணையில் கமகம் பேசுவது தந்தியை மெட்டின்மேல் பக்கவாட்டில் இழுப்பதனால்தான். மெட்டும் மெழுகும் சேர்ந்து தண்டியை விட்டு நன்கு உயர்ந்து நிற்பதால், ஒரே மெட்டில் தந்தியை இழுத்து அடுத்த சில சுரங்களையும் காட்டிவிட முடிகிறது. கிதாரைப் போல் மெட்டைத் தாழ்த்திப் பலகையோடு ஒட்டிவிட்டால் இந்த வசதி குறையும். உயரம் மாறாமலே திருகாணி மெட்டு செய்வோரும் இருக்கிறார்கள். பயணம் மிகுதியாகச் செய்யும் வித்துவான்களுக்கு அது பயன்படுகிறது; அதை நான் பழிக்கவில்லை. புதிய வீணை ஒன்றை அவ்வாறு செய்துகொள்வதில் எவருக்கும் நட்டமில்லை.

ஒலிவாங்கியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வீணை தனம்மாள், 1867 முதல் 1938 வரை வாழ்ந்தவர், சென்னை ஜார்ஜ் டவுனில் தம் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசிப்பார். கேட்க வருவோர் மூச்சை அடக்கி அமர்ந்திருப்பார்கள். அது ஒரு காலம். ஓர் அறைக்கான இசை. பெரிய அரங்குகள் வந்தபின் வீணைக்கு ஒலிவாங்கி தேவைப்பட்டது. வித்துவான்கள் பலரும் அதை ஏற்றுக்கொண்டனர். மெல்லோசையே வீணைக்கு அழகு என்போரும், கேட்காத அழகால் பயன் என்ன என்போரும் வாதிட்டதுண்டு. நான் இரண்டாவது கட்சி. ஆயினும் ஒலிவாங்கி வேண்டும் என்பது ஒரு செய்தி. அதற்காகக் குடத்தில் துளையிட வேண்டும் என்பது மற்றொரு செய்தி. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார் கடைக்காரர்.

வெட்டாமலே மாற்றலாம் என்பதற்கு நம் நாட்டிலேயே சிறந்த முன்மாதிரி இருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுஸ்வாமி தீட்சிதர் ஐரோப்பியப் பிடிலைக் கற்று நம் இசைக்குக் கொண்டுவந்தார். அவர் வழியில் வந்தவர்கள் தந்திகளை ஷட்ஜ பஞ்சமங்களாகச் சுருதி கூட்டினர். தரையில் அமர்ந்து, பிடிலின் தலையைக் காலில் தாங்கி வாசித்தனர். இவ்வளவு பெரிய மாற்றத்திற்கு மரத்தில் ஓர் உளிவெட்டும் தேவைப்படவில்லை. அந்தப் பிடிலை இன்று ஒரு ஜெர்மானியர் கையில் கொடுத்தால் சுருதியை மாற்றிக்கொண்டு தம் இசையை வாசித்துவிடுவார். அண்மைக் காலத்தில் மாண்டலின் ஸ்ரீநிவாஸ், நான்கு இரட்டைத் தந்திகளுக்கு மாறாக ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின்சார மாண்டலினைக் கையாண்டு கர்நாடக இசையை வாசித்ததையும் நீங்கள் கேட்டிருப்பீர்கள்.

வெட்டியே ஆக வேண்டும், இடித்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால்? அதற்கும் நம் முன்னோர் வழிகாட்டியிருக்கின்றனர். அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடக் கரையில் திருமழபாடி என்னும் தலம் இருக்கிறது. அங்கே கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்டும்படி முதலாம் இராஜராஜன் ஆணையிட்டான். பழைய சுவர்களிலோ, அதற்கு முன் மக்களும் மன்னரும் அளித்த கொடைகளைக் கூறும் கல்வெட்டுகள் இருந்தன. சுவரைப் பிரித்தால் அவை போய்விடும். ஆகவே, பிரிப்பதற்கு முன் அவற்றைப் புத்தகத்தில் படியெடுத்துக்கொள்ளச் செய்தான். புதிய விமானம் எழுந்தபின், அவன் மகன் இராஜேந்திரன் காலத்தில் அந்தப் படியைப் பார்த்து அவற்றை மீண்டும் கல்லில் பொறித்தார்கள். இந்தச் செய்தியையும் கல்வெட்டே நமக்குக் கூறுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்! நம் காலத்திலோ, திருப்பணி என்னும் பெயரால் மணலைப் பீய்ச்சியடித்துக் கற்சுவரைத் 'தூய்மை' செய்து, எழுத்துக்களை மழுங்கச் செய்த இடங்கள் உண்டு. இராஜராஜன் மாற்றத்திற்கு அஞ்சவில்லை. படியெடுக்காமல் மாற்றுவதற்குத்தான் அஞ்சினான்.

முதலில் நான் உடனே விடை சொல்லவில்லை என்றேன் அல்லவா? 1984-ஆம் ஆண்டு, ஆசிரியர் பயிற்சி முடித்து வேலையில் அமர்ந்த புதிதில், சில மாதச் சம்பளத்தைச் சேர்த்து, என் தாயாரின் வீணையைப் புதுப்பித்துக் கொடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவர் ஊரில் இல்லாத சமயம் பார்த்து, பட்டறை ஒன்றில் கொண்டுபோய்க் கொடுத்தேன். "எல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும்" என்று சொன்னவன் நான்தான். பழைய மெழுகை ஒட்டுத் தெரியாமல் சுரண்டினார்கள். ஆர்மோனியத்தை அருகில் வைத்து அதன் சுரத்திற்கு மெட்டு நிறுத்தினார்கள். அதையும் நானே கேட்டுக்கொண்டேன். அப்போதுதான் சரியாக இருக்கும் என்று எண்ணினேன். ஓரத்துத் தந்தப் பட்டையைப் பெயர்த்துவிட்டு வெண்மையான பிளாஸ்டிக் பட்டை பதித்தார்கள். தாயார் வந்து பார்த்தார். மடியில் வைத்து மீட்டினார். "ரொம்ப நன்றாக இருக்கிறது, அப்பா" என்றார். சிறிது நேரம் கழித்து, "இது வேறு வீணை" என்றார். அதன்பிறகும் வாசித்தார், ஆனால் பெரும்பாலும் மாணவியர்க்குப் பாடம் சொல்லும்போது மட்டுமே.

இதைக் கேட்டபின் இளைஞர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு அவர் கேட்ட கேள்விதான் என்னை மகிழச் செய்தது. "ஐயா, எங்கள் ஆலையில் எந்த உறுப்புக்கும் வரைபடம் உண்டு. ஓர் உறுப்பு தேய்ந்தால் வரைபடத்தைப் பார்த்து அதே மாதிரி செய்துவிடுவோம். இதற்கு வரைபடம் யாரிடம் இருக்கும்?" என்றார். இந்த வீணைக்கு வரைபடம் இந்த வீணையேதான் என்றேன். 2013-இல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் பொது இலக்கணத்தை எழுதி வைக்கலாம். ஒரே ஊரில், ஒரே பலா மரத்தில், ஒரே தச்சர் செய்த இரண்டு வீணைகளையுங்கூட ஒன்றுக்கொன்று உறுப்பு மாற்றிப் போட முடியாது. குதிரையின்மேல் உள்ள உலோகத் தகட்டின் வளைவை மயிரிழை மாற்றினால் நாதமே மாறிவிடும்.

மறு ஞாயிறன்று அவர் திரும்பவும் வந்தார். ஆலையில் பயன்படுத்துவது போன்ற நுண்ணளவுக் கருவி ஒன்றை வாங்கி வந்திருந்தார். தண்டியின் நீளத்திற்கு ஒரு தாளை வெட்டி ஒட்டிக்கொண்டோம். மேருவிலிருந்து தொடங்கி ஒவ்வொரு மெட்டும் நிற்கும் இடத்தில் கூரிய பென்சிலால் கோடிட்டோம். சாய்ந்திருந்த மெட்டுகளுக்கு, மெழுகில் அவை முதலில் பதிந்திருந்த பள்ளத்தைப் பார்த்துக் குறித்தோம். மூன்று மெட்டுகளுக்குத் தடயம் இல்லை; அவ்விடங்களில் கோடிடாமல் விட்டுவிட்டோம். மெழுகின் உயரம், குதிரையின் உயரம், தகட்டின் சரிவு எல்லாம் எழுதினோம். எஞ்சியிருந்த தந்திகளின் பருமனையும் அளந்தார். பின்பு எல்லாப் பக்கங்களிலிருந்தும் புகைப்படம் எடுத்தார். ஒரு முழுப் பகலும் இதற்கே சரியாகிவிட்டது. என் வீட்டார் எங்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று எட்டி எட்டிப் பார்த்தனர்.

அதன் பின்னரே வீணை தச்சரிடம் சென்றது. இளைஞர் எடுத்த முடிவுகளை அவர் வாய்மொழியாகவே கூறுகிறேன். மெட்டுகள் மெழுகிலேயே நிற்கட்டும். தாளைப் பார்த்து நிறுத்தி, பின்பு காதால் சரிபார்க்கட்டும். மரப் பிருடைகள் இருக்கட்டும். வழுக்குகின்ற இரண்டை மட்டும் அந்தத் துளைக்குப் பொருந்தும்படி புதிதாகக் கடைந்து போடட்டும், கழற்றிய இரண்டும் பெட்டியில் இருக்கட்டும். சுரைக்குடுக்கையின் பிளவை ஒட்டுவதால் பயனில்லை என்று தச்சர் கூறியதால், புதுக்குடுக்கை ஒன்றைத் திருகிக்கொள்ளலாம். அது முன்பும் கழற்றி மாட்டும் உறுப்புத்தானே! உதிர்ந்த தந்தத்திற்குத் தந்தம் தேட வேண்டா; யானைத் தந்தத்தின் வணிகத்தைச் சட்டம் தடுக்கிறது, தடுப்பதும் நன்றே. அவ்விடங்களில் மங்கிய வெண்ணிறப் பொருள் எதையேனும், உற்றுப் பார்த்தால் புதிது என்று தெரியும்படியே பதிக்கட்டும். ஒலிவாங்கி வேண்டும், அதை விட்டுக்கொடுக்க அவர் மறுத்துவிட்டார். ஆனால் துளை வேண்டா. பலகையின்மேல் ஒட்டி, வேண்டாதபோது எடுத்துவிடக்கூடிய சிறு வில்லை வடிவத்து ஒலிவாங்கியை வாங்கியிருக்கிறார்.

தச்சர் தாளைக் கையில் வாங்கிப் பார்த்துச் சிரித்தாராம். "நாற்பது வருடமாக மேளம் கட்டுகிறேன், இப்படி யாரும் கொண்டுவந்ததில்லை" என்றாராம். பின்பு நான்காம் கோட்டின்மேல் விரலை வைத்து, "இந்த அம்மாளுக்குக் காந்தாரம் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும் போலிருக்கிறது" என்றாராம்.

சித்திரை மாதத்தில் ஒரு மாலை, இளைஞரின் குழுவினர் வாடகைக்கு எடுத்திருக்கும் சிறு அறையில் அந்த வீணையைக் கேட்டேன். கிதாருக்கும் தாளக்கருவிக்கும் நடுவே அது சிறிது திணறிற்று. உண்மையைச் சொல்ல வேண்டும். பேஸ் கிதாரும் வீணையின் அனுமந்திரத் தந்தியும் சேர்ந்த இடத்தில் மட்டும், எது எதன் ஒலி என்று பிரிக்க முடியாதபடி ஒரு முழக்கம் எழுந்தது. எல்லோரும் சென்றபின் இளைஞர் ஒலிவாங்கியை எடுத்து வைத்துவிட்டு, பாட்டியார் தமக்குச் சொல்லிக்கொடுத்த வரிசைகளைத் தனியே வாசித்தார். பென்சிற் கோடுகள் உள்ள அந்தத் தாள், பழைய பிருடைகள் இரண்டோடு, வீணைப் பெட்டியின் அடியில் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. கோடிடாமல் விட்ட மூன்று இடங்கள் இன்னும் வெறுமையாகவே உள்ளன.